ஏப்ரல் முப்பது

காட்டன்பேட்டையில் அச்சகம். இரண்டாவது மாடி.
வியாழன் இரவு ரேஸ் புத்தகத்தின்
தமிழ்ப் பதிப்பு புரூஃபுக்கு வரும்.
குதிரைகளை நான் பார்த்ததைவிட
அவற்றின் எழுத்துப்பிழைகளைப் பார்த்ததே அதிகம்.

வாங்குகிறவர்கள் பெயரிலிருந்து தொடங்குவார்கள்.
ஜாக்கி யார், போன தடவை எத்தனாவது, சட்டை என்ன நிறம்.
அதற்கெல்லாம் மேலே
எறும்பு ஊர்ந்த மாதிரி நாலு வரி கிடக்கும்.
அதைப் படிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

‘ரேட்டிங் பதினைந்து முதல் நாற்பது வரை.
நான்கு வயதும் அதற்கு மேலும்.
மே ஒன்றாம் தேதி முதல் வெற்றி பெற்றிராதவை.
ஆயிரத்து நானூறு மீட்டர்.’

யார் ஓடலாம் என்று சொல்வது போலத்தான் இருக்கும்.
நாலு தடவை படித்தால்
யாரை உள்ளே விடவில்லை என்பது கேட்கும்.
நாற்பத்தொன்று வெளியே நிற்கிறது.
மூன்று வயதுத் துடுக்குக் குட்டிகள் வெளியே.
மே மாதம் ஜெயித்தது, ஜூனில் ஜெயித்தது,
எல்லாம் கேட்டுக்கு அந்தப் பக்கம்.
மிச்சம் பதினோரு குதிரை.
தோற்றே பழகிய பதினோரு முகம்.

இல்லை, பத்து.
வரிசையில் முதல் பெயர் லேட் மெயில்.
ஐந்து வயது, செம்பழுப்பு.
மைசூரில் அது ஜெயித்த நாள் ஏப்ரல் முப்பது.
பிழையாக இருக்குமோ என்று
பழைய முடிவுகளைப் புரட்டினேன். முப்பதேதான்,
மாலை ஐந்தே கால்.
பெலியப்பா அதை இரண்டு மாதம் லாயத்திலேயே கட்டிப்போட்டு
இந்த ஒரு வரிக்காக உட்கார்ந்திருக்கிறார்.

ரேட்டிங் சரியாக நாற்பது.
ஒரு புள்ளி கூடினால் இந்த வாசல் கிடையாது.
புள்ளிக்கு அரைக் கிலோ என்று கணக்கு,
ஆகவே அதன் முதுகில் அறுபது,
இருபது ரேட்டிங் உள்ளதற்கு ஐம்பது.
பத்துக் கிலோவைப் பார்த்து
ஊரே விலகிப்போகும் என்பது அவருக்குத் தெரியும்.
பயிற்சி ஜாக்கி ஏறினால்
அதில் இரண்டரை கழியும் என்பதும் தெரியும்.

அச்சகத்தில் இருப்பவன் பந்தயம் கட்டக் கூடாது.
வேலைக்குச் சேர்ந்த அன்றே சிவலிங்கையா
வாயால் போட்ட நிபந்தனை, எங்கும் அச்சில் இல்லை.
சனிக்கிழமை அருளப்பனிடம் சொன்னேன்.
அவன் காதைப் பார்த்துக் கட்டுகிறவன்.
‘அறுபது கிலோவா? ரெண்டு கேஸ் சிலிண்டர் மச்சான்.
நீ தூக்கிட்டு ஓடுவியா?’
காது விறைத்த ஏழாம் நம்பரில் ஐநூறு போட்டான்.

நான் ரேஸ்கோர்ஸ் ரோட்டில், மதிலுக்கு வெளியே,
தூறலில் நின்றேன்.
ஒலிபெருக்கியில் ஏழு, ஏழு என்றே வந்தது.
வளைவு வரை லேட் மெயில் என்று ஒரு தடவைகூட இல்லை.
கடைசி இருநூறு மீட்டரில் ஒரே ஒரு தடவை சொன்னார்கள்.
பிறகு சத்தம் முழுக்க அதன் பெயராக இருந்தது.

அருளப்பன் வெளியே வந்து எதுவும் பேசவில்லை.
டீக்கு நான்தான் கொடுத்தேன்.

இரண்டு வியாழன் கழித்து அடுத்த புரூஃப்.
லேட் மெயிலுக்கு ரேட்டிங் இப்போது நாற்பத்தேழு.
பழைய பந்தயத்தில் இனி அதற்கு இடமில்லை.
நாற்பது முதல் அறுபத்தைந்து வரையான கூட்டத்தில்
கடைசி வரியில் கிடக்கிறது,
ஐம்பத்தொரு கிலோவோடு,
மேலே இருப்பவை எல்லாம் பெரிய பெயர்கள்.
பழைய பத்தும் பழைய பக்கத்திலேயே,
ஒன்றுகூட நகரவில்லை.

மேலே நிபந்தனையில் ஒரு பிழை.
‘இரண்டு வெறிக்கு மேல் பெறாதவை.’
ஒரு ‘ற்’ விட்டுப்போயிருக்கிறது.
சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி
மறுபடி மூடினேன்.
கீழே மிஷின் ஆள் பக்கம் ரெடியா என்று கத்துகிறான்.